விற்காத தரங்கம்பாடி

ஜன்னல் பக்கம் நீயே உக்காரும்மா, எனக்கு வேணாம். இல்ல, அந்தக் குழாயை நீ பிடிக்க வேணாம். நானே மடியில வெச்சுக்கிறேன். தப்பா நினைச்சுக்காதே, உள்ள படம் இருக்கு. சினிமாப் படம் இல்ல, நிலப்படம். யாரையும் தொட விடறதில்லைன்னு இருக்கேன். ஒரு தடவை தொட விட்டதுக்கே போன வருஷம் பூரா அலைஞ்சாச்சு.

நீ தரங்கம்பாடி வரைக்குமா? நானும் அந்தப் பக்கம்தான், கொஞ்சம் முன்னாடி கைகாட்டியில இறங்கணும். எதுக்குப் போறேன்னு கேக்கறியா? நீ எதுக்குக் கேக்கறே? சும்மாவா. சரி, சும்மா கேட்டா சும்மா சொல்றேன். வண்டி ஆக்கூர் போறதுக்குள்ள பாதி சொல்லிரலாம்.

என் பேர் தமயந்தி. மாயவரம். முப்பத்தோரு வருஷம் டிரேசரா வேலை பாத்தேன். சர்வேயருங்க வயல்லயும் வெயில்லயும் நின்னு அளந்துட்டு வந்து ஒரு படம் கொடுப்பாங்க. அது மேல கண்ணாடி மாதிரி தாளைப் போட்டு, ஒரு கோடு மாறாம மசியில எடுக்கணும். அதான் டிரேசர். முப்பத்தோரு வருஷத்துல என் கோட்டுல ஒரு பிசிறு கிடையாது. அதே மாதிரி ஒரு ஆள் வந்து இனிக்கப் பேசினா, எதுக்குப் பேசறான்னு எனக்கு உடனே தெரிஞ்சுரும். ஆபீஸுக்கு வர்றவன் பூரா நிலம் வேணும்னு வர்றவன்தானே. பூ வாங்கிட்டு வருவான், பழம் வாங்கிட்டு வருவான், பையில கையை விட்டுக்கிட்டே அந்த சர்வே நம்பர் படத்தைக் கொஞ்சம் பாக்கலாமாம்பான். ஒருத்தனையும் நான் கிட்ட விட்டதில்ல.

ரிட்டயர் ஆன பிறகு கை சும்மா இருக்கல. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடை, குலோத்துங்கன்னு ஒரு தம்பி வெச்சிருந்தான். பெரிய பெரிய பிளான் எல்லாம் பிரிண்ட் போடற மெஷின் அவன்கிட்டதான் இருந்துச்சு. ஒரு நாள் பென்ஷன் பேப்பரை நகல் எடுக்கப் போனேன். கடைச் சுவத்துல ஒரு படம் மாட்டியிருந்தான். கோடிக்கரை கிட்ட கடல் உள்ள வந்து, வேதாரண்யம் ஒரு தீவா இருக்கு. ஊர் பேரெல்லாம் சரி, ஆறெல்லாம் சரி, ஆனா நிலம் தப்பு. என்னப்பா இது தப்புத்தப்பா இருக்குன்னேன். அவன் சிரிச்சான். இது நடந்ததுக்குப் போட்ட படம் இல்லக்கா, நடக்காததுக்குப் போட்ட படம்னான்.

அப்பறம்தான் விஷயம் தெரிஞ்சுது. பொறையார்க்காரர் ஞானமுத்து சார்னு ஒருத்தர், காலேஜுல சரித்திரம் நடத்தினவர். அவரும் இன்னும் நாலஞ்சு பேரும் மாசத்துல ரெண்டாவது சனிக்கிழமை அந்தக் கடை மாடியில கூடுவாங்க. சரித்திரத்துல ஒண்ணே ஒண்ணை மாத்துவாங்க. ஒரு சண்டையில தோத்தவன் ஜெயிச்சான்னு வெச்சுக்கோ. அப்படி ஆகியிருந்தா இன்னிக்கு எல்லை எங்க இருக்கும், ரோடு எங்க போகும், துறைமுகம் எது, தலைநகரம் எதுன்னு பேசிப் பேசி அதுக்குப் படம் போடுவாங்க. ஒரு சட்டம் உண்டு. ஒண்ணைத்தான் மாத்தலாம். மத்ததெல்லாம் அந்த ஒண்ணுலேர்ந்து தானா வரணும். நம்ம இஷ்டத்துக்கு மலையைத் தூக்கி வெக்கக் கூடாது.

நீ சிரிக்கறே. என் வீட்டுக்காரரும் சிரிச்சார். அறுபது வயசுல பொய்ப் படம் வரையப் போறியான்னு கேட்டார். பொய் இல்ல அது. பொய்னா ஏமாத்தணும். நாங்க யாரையும் ஏமாத்தல. அப்படித்தான் நினைச்சேன் அப்ப.

அந்த வருஷம் எடுத்துக்கிட்டது தரங்கம்பாடி. டேனிஷ்காரன் ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தஞ்சுல தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுப் போனான், அது நடந்தது. விக்காம இருந்திருந்தா? அதான் அந்த வருஷத்துக் கேள்வி. அஞ்சு மாசம் பேசினோம்மா. மாயவரத்துலேர்ந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்துல ரயில் ஓடுச்சே, அது இருந்திருக்குமா? அடுத்தவன் துறைமுகத்துக்கு இங்கிலீஷ்காரன் எதுக்கு ரயில் விடறான்னு நான் கேட்டேன். ஞானமுத்து சார் யோசிச்சுட்டு, தமயந்தி சொல்றது சரின்னு ரயிலை அழிச்சுட்டார். திருக்கடையூருக்கும் பொறையாருக்கும் நடுவுல எல்லை வந்துச்சு. பொறையார்லேர்ந்து அறுபதாம் கல்யாணம் பண்ணிக்கத் திருக்கடையூர் போறவங்க எல்லாம் மாலையும் கையுமா சுங்கச்சாவடியில வரிசையில நிக்கணும். நாங்க அதுக்கு ஒரு சாவடியே வரைஞ்சோம். அவ்வளவு சந்தோஷமா நான் ஆபீஸுல கூட இருந்ததில்ல.

குலோத்துங்கன்தான் ஒரு யோசனை சொன்னான். அக்கா, இன்னிக்கு நிலவரத்துக்குப் படம் எல்லாரும் போடுவாங்க. விக்காத தரங்கம்பாடியில, ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொண்ணுல, டேனிஷ்காரன் தன் ஊரைத் தானே அளந்து ஒரு படம் போட்டிருந்தா எப்படி இருக்கும்? அதை அந்தக் காலத்துப் படமாவே போடுங்க. உங்க கைக்குத்தான் அது வரும்னான். எங்கேயோ கிடங்குலேர்ந்து பழுப்பேறின கெட்டித் தாள் கொண்டாந்தான். ஞானமுத்து சார் டேனிஷ் வார்த்தை எல்லாம் எழுதிக் கொடுத்தார். நான் மூணு மாசம் உக்காந்து வரைஞ்சேன். டீ டிகாக்ஷன்ல நனைச்சு, நிழல்ல காயப்போட்டு, மடிச்சுப் பிரிச்சு, மடிப்புல கொஞ்சம் கிழிச்சு, எல்லாம் பண்ணினேன்.

கடற்கரை ஓரத்துல ஒரு இடம் வெறுமனே கிடந்துச்சு. கடம்பத்திட்டுன்னு பேர் மட்டும் போட்டிருந்தேன். குலோத்துங்கன் பாத்துட்டு, வெறுமனே விட்டா படம் நிறையாதுக்கா, தென்னந்தோப்புன்னு போடுங்க, தாமோதரம் வகையறான்னு ஒரு பேரையும் எழுதுங்க, அந்தக் காலப் படத்துல எல்லாம் உரிமைக்காரன் பேர் இருக்கும்னான். சரியாத்தானே சொல்றான்னு குட்டிக் குட்டியா இருநூத்திப் பன்னண்டு தென்னைமரம் போட்டேன். ஒவ்வொரு மரத்துக்கும் கீழ நிழல்.

மாடிக்கு ஒரு நகல் போட்டுக் கொடுத்துட்டு, அசலைத் தானே பத்திரமா வெச்சுக்கறேன்னான். அவன் அந்தப் படத்தை வாங்கறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவினான். ஓரத்தை மட்டும் பிடிச்சுத் தூக்கினான். படம் பிடிக்கத் தெரிஞ்சவன்னு நினைச்சேன். அவன் மேல எனக்கு ஒரு சந்தேகமும் வரலம்மா. ஏன் வரணும்?

எனக்குச் சந்தேகம் வந்ததெல்லாம் இன்னொருத்தன் மேல.

படம் முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும். ஒரு சனிக்கிழமை புதுசா ஒரு ஆள் மாடி ஏறி வந்தான். மாசிலாமணின்னு பேர் சொன்னான். நாப்பது வயசு இருக்கும். போட் இன்ஜின் ரிப்பேர் பாக்கறதாச் சொன்னான். நான் ஆளைப் பாத்து எடை போடறவ இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா நகக்கண்ணெல்லாம் கிரீஸ். செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்தவன் நாற்காலியில உக்காரல, சுவர் ஓரமா நின்னான். படத்தைத் தொட வந்தான், நான் மேல ஒரு கண்ணாடித் தாளைப் போட்டுட்டேன். யார் வந்தாலும் போடறதுதான். குலோத்துங்கனுக்குப் போட்டேனான்னு கேக்காதே, அவன் எங்க குழுவுல ஒருத்தன்.

வர்ற எல்லாரும் ராஜா, சண்டை, கொடி இதைப் பத்தித்தான் கேப்பாங்க. இவன் அதெல்லாம் ஒண்ணும் கேக்கல. இது யார் வரைஞ்சது? எந்தத் தாள்? எத்தனை நகல் இருக்கு? அசல் யார்கிட்ட இருக்கு? கடம்பத்திட்டு இந்தப் படத்துல எங்க? அதையே சுத்திச் சுத்திக் கேட்டான். எனக்கு உடனே மணி அடிச்சுது. கடற்கரை நிலம் தேடற புரோக்கர்தான் இப்படிக் கேப்பான். ஆபீஸுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன். குலோத்துங்கன்கிட்ட மெதுவாச் சொன்னேன். அவனும், எனக்கும் அதே சந்தேகம்தான்க்கா, நீங்க அவன்கிட்ட வாயைத் திறக்காதீங்கன்னான். பாத்தியா, அவனும் கவனிச்சிருக்கானேன்னு எனக்கு ஒரு நிம்மதி.

அடுத்த மாசம் மறுபடி வந்தான். நான் தண்ணி குடிக்கத் திரும்பின நேரம் பாத்து செல்போன்ல படத்தைப் பிடிச்சான். அடுத்த வாரமே நான் தரங்கம்பாடிக்குப் போனேன். கரை வளைவு ஒரு இடத்துல சரியா வந்திருக்கான்னு கண்ணால பாக்கணும்னு. அப்படியே கரையோரமா நடந்து போனா, தூரத்துல அதே ஆள். கூட மூணு பேர். கையில நீள டேப். வீடு வீடா அளந்து நோட்டுல எழுதறாங்க. என்னைப் பாத்ததும் டேப்பைச் சுருட்டிட்டான். போதாதா? நீயா இருந்தா என்ன நினைப்பே?

அன்னிக்குச் சாயங்காலமே எங்க வாட்ஸ்அப் குழுவுல எழுதினேன், இன்னார் நிலப் புரோக்கர், யாரும் எந்தப் படமும் கொடுக்காதீங்கன்னு. அதோட விட்டிருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு மனுவும் கொடுத்தேன். மாசிலாமணி என்பவர் கடற்கரைக் கிராமங்களின் படங்களைச் சந்தேகத்துக்கு இடமான முறையில் சேகரித்து வருகிறார், மீனவர்கள் நிலத்துக்கு ஆபத்து வரலாம்னு அச்சடிச்ச மாதிரி எழுதி, ரசீது வாங்கி வெச்சுக்கிட்டேன். ஸ்டேஷன்ல அவனைக் கூப்பிட்டுக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில உக்கார வெச்சாங்களாம். நான் விசாரிங்கன்னுதான் எழுதினேன், உக்கார வெக்கச் சொல்லி எழுதல.

அதுக்கு அப்பறமும் அவன் வந்தான்மா. ரெண்டாவது சனிக்கிழமை. எல்லாரும் இருக்கறப்ப நேராக் கேட்டேன், நீங்க யாருக்காக இங்க வர்றீங்கன்னு. அவன் படத்தையே பாத்துக்கிட்டு நின்னான். குலோத்துங்கன் எந்திரிச்சு அவன் தோளைப் பிடிச்சு மாடிப்படி பக்கம் தள்ளினான். ஞானமுத்து சார், இருப்பா, அவர் என்ன சொல்றார்னு கேப்போம்னார். யாரும் காதுல வாங்கல. நானும் வாங்கல. படியில ஒரு காலை வெச்சவன் திரும்பி என்னைப் பாத்தான்.

"அந்த டேனிஷ் படத்தை வரைஞ்சது நீங்கதானா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆமா, நான்தான். ஒவ்வொரு கோடும் என் கை. என்ன இப்ப?"

ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டான்.

இது என்ன, செம்பனார்கோயில் தாண்டியாச்சா? தாண்டியாச்சு. சரி.

இருபது நாள் கழிச்சு எனக்கு ஒரு கடிதாசு வந்துச்சு. ஆர்.டி.ஓ. விசாரணை, கடம்பத்திட்டு நில உரிமை சம்பந்தமா, ஆஜராகி விவரம் சொல்லவும்னு. எனக்குத் தலைகால் புரியல. முப்பத்தோரு வருஷம் வேலை பாத்ததுக்கு இப்பவாவது ஒருத்தர் நிபுணர்னு கூப்பிடறாங்களேன்னு நினைச்சேன். பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போனேன்மா. லென்ஸு, ஸ்கேல் எல்லாம் பையில எடுத்துக்கிட்டேன்.

உள்ள போனா இடது பக்கம் பூரா கடற்கரை ஜனம். பொம்பளைங்கதான் அதிகம். அவங்களுக்கு முன்னாடி மாசிலாமணி. வலது பக்கம் வெள்ளைச் சட்டைக்காரங்க நாலு பேர், ஒரு வக்கீல். அந்த வரிசை ஓரத்துல குலோத்துங்கன். எனக்குத் துணைக்கு வந்திருக்கான்னு நினைச்சு, தம்பின்னு கூப்பிடக் கையைத் தூக்கினேன். அவன் குனிஞ்சு செருப்பைப் பாத்தான்.

ஆர்.டி.ஓ. சின்ன வயசுப் பொண்ணு. கண்ணாடி போட்ட ஒரு சட்டத்தை மேஜை மேல திருப்பி வெச்சு, இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க.

என் படம்மா.

முதல்ல எனக்கு வந்தது சந்தோஷம், உன்கிட்ட மறைக்க மாட்டேன். தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடிக்கு உள்ள, அரசாங்க மேஜை மேல. அப்பறம் வக்கீல் பேசப் பேசத்தான் உறைச்சுது. தாமோதரம் குடும்பத்துப் பெட்டியில நூத்தி எண்பது வருஷமா இருந்த டேனிஷ் காலத்துப் படமாம் அது. கடம்பத்திட்டு பூரா அவங்க தென்னந்தோப்பாம். வாரிசுங்க அதை ஒரு ரிசார்ட்டுக்குக் கொடுக்கப் போறாங்களாம். இப்ப இருக்கற குடிசைங்க எல்லாம் நடுவுல வந்து போட்டதாம். சாட்சி குலோத்துங்கன், பெட்டியிலேர்ந்து எடுத்தப்ப கிழிசலை ஒட்டிக் கொடுத்தவன்னு.

லென்ஸை எடுத்து மூலையில வருஷத்தைப் பாத்தேன். ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தொண்ணு. நான் போட்டது அறுபத்தொண்ணு. ஆறைச் சுரண்டி நாலாக்கியிருக்கான். என் நாலு மேல திறந்திருக்கும், இந்த நாலு மூடியிருக்கு. அந்த ஒரு எழுத்து மட்டும் என் கை இல்ல.

நிமிர்ந்து பாத்தேன். குலோத்துங்கன் இப்ப என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். லேசாத் தலையை ஆட்டினான், வேணாம்க்காங்கற மாதிரி. வக்கீலும் சிரிச்ச முகமா, அம்மா வயசானவங்க, பென்ஷன் வாங்கறவங்க, அவசரப்பட்டு எதையும் சொல்லிட வேணாம்னார். தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம். யார் என்னைக் கேட்டிருப்பா? ஆனா பாரு, சட்டத்துக்கு அடியில ஒட்டின சீட்டுல எவனோ ஒரு டேனிஷ்காரன் பேரைப் போட்டு, இவன் வரைஞ்சதுன்னு படிச்சாங்க. அதை என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல.

"இது நான் வரைஞ்சது. வருஷத்தை மட்டும் மாத்தியிருக்காங்க. நான் போட்டது அறுபத்தொண்ணு."

வக்கீல் சிரிச்சார். "அறுபத்தொண்ணுல டேனிஷ்காரன் இங்க இல்லையேம்மா. வித்துட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆச்சே."

"இந்தப் படத்துல போகல. இது அவன் விக்காத உலகம்."

எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரிப் பாத்தாங்க. ஆர்.டி.ஓ. பொண்ணு மட்டும் பேனாவை மூடி வெச்சுட்டு, உக்காந்து முழுசாச் சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். உனக்குச் சொன்ன மாதிரியே, சுங்கச்சாவடி, அழிச்ச ரயில், எல்லாம். ஒரு அரசாங்க ஆபீஸுல உக்காந்து, நடக்காத கதையை ஒண்ணுவிடாமச் சொன்னேன். அது உண்மைன்னு எப்படி நம்பறதுன்னு வக்கீல் கேட்டார். அப்ப ஒரு தாள் கொடுங்கன்னேன்.

மசியும் குச்சிப் பேனாவும் என் பையிலயே இருந்துச்சு. அசலைப் பாக்காம, சட்டத்தைத் திருப்பி வெச்சுட்டு, தென்கிழக்கு மூலையை வரைஞ்சேன். கரை வளைவு, திசைகாட்டி, எழுத்து, தென்னைமரம். ஃபேன் காத்துல தாள் பறந்துச்சு. யாரோ வந்து ரெண்டு பக்கமும் கையை ஊனிப் பிடிச்சுக்கிட்டாங்க. கிரீஸ் படிஞ்ச நகம். நான் நிமிர்ந்து பாக்கல. முக்கால் மணி நேரம் ஆச்சு. ஆர்.டி.ஓ. அசலைச் சட்டத்துலேர்ந்து கழட்டி, ஜன்னல் கண்ணாடியில வெளிச்சத்துக்கு எதிரா ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுப் பாத்தாங்க. கரை மேல கரை, மரத்து மேல மரம். ஒரு முடி இடைவெளி இல்ல. அந்த ஜனம் மூச்சு விட்ட சத்தம் கேட்டுச்சு.

படம் செல்லாதுன்னு அன்னிக்கே எழுதிட்டாங்க. கடம்பத்திட்டு தப்பிச்சுது. நான் தப்பிக்கல.

போலியை வரைஞ்சது நீதானேன்னு கேஸு என் மேலயும் வந்துச்சு. ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் கேட்டார் பாரு ஒரு கேள்வி, யாரையும் ஏமாத்தற எண்ணம் இல்லைன்னா எதுக்கும்மா டிகாக்ஷன்ல நனைச்சீங்கன்னு. அழகா இருக்கணும்னு நனைச்சேன்னேன். எழுதிக்கிட்டாங்க, சிரிச்சுக்கிட்டே. குலோத்துங்கன் வாக்குமூலம் கொடுத்தான், அக்காவுக்கு ஆரம்பத்துலேர்ந்து எல்லாம் தெரியும்னு. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்கூடப் பேசல. ஞானமுத்து சார் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லிப் பாத்தார், அவரையும் கூட்டாளியான்னு கேட்டாங்க.

அப்பத்தான் மாசிலாமணி வந்தார். அவரை நான் கூப்பிடல. கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கு? இன்ஸ்பெக்டர் முன்னாடி நின்னு, அன்னிக்கு என்னை ஒரு நாள் பூரா இந்த பெஞ்சில உக்கார வெச்சீங்களே, அந்த மனுவை எடுங்கன்னார். எடுத்தாங்க. என் கையெழுத்து, என் ரசீது நம்பர்.

"படிச்சுப் பாருங்க சார். மீனவங்க நிலத்துக்கு ஆபத்துன்னு எழுதியிருக்காங்க. இவங்க அந்தக் கூட்டத்துல ஒருத்தரா இருந்தா, இதை எழுதி உங்ககிட்டயே கொடுப்பாங்களா?"

அந்த ஒரு தாள்தான் என்னை வெளிய கொண்டாந்துச்சு. என் பேரைக் குத்தவாளிப் பட்டியல்லேர்ந்து எடுத்து சாட்சிப் பட்டியல்ல போட்டாங்க. அதனால சொல்றேன், சந்தேகப்படறது தப்பே இல்லம்மா. நான் அன்னிக்குச் சந்தேகப்படலைன்னா இன்னிக்கு உள்ள இருப்பேன். இதை வீட்டுல சொன்னா என் வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கறார்.

வெளிய வந்து, டீ குடிக்கலாமான்னு கேட்டேன். நின்னுக்கிட்டே குடிச்சார். அப்பத்தான் அவர் பக்கத்துக் கதை தெரிஞ்சுது. அவர் ஊரே கடம்பத்திட்டுதான். படத்தோட நகலைக் காட்டிக் காலி பண்ணச் சொன்னப்ப, இவ்வளவு பெரிய நகல் எந்த மெஷின்ல போட்டதுன்னு கடை கடையா ஏறியிருக்கார். குலோத்துங்கன் கடையில அதே எழுத்துல இன்னொரு படம் மாட்டியிருந்ததைப் பாத்துட்டுத்தான் மாடி ஏறி வந்திருக்கார். யாரை நம்பறதுன்னு தெரியாம வாயைத் திறக்கல. அன்னிக்குக் கரையில அளந்தது அவங்க வீட்டைத்தான், ஆட்சேபணை மனுவுக்காக.

ரெண்டாவது சனிக்கிழமை மறுபடி வாங்களேன், இப்ப ஞானமுத்து சார் வீட்டுல கூடறோம்னு கூப்பிட்டேன். அவர் கிளாஸைக் கீழ வெச்சார்.

"வேணாம்மா. உங்க உலகத்துல எங்க ஊரைத் தோப்புன்னு போட்டுட்டீங்க. அங்க ஆள் இருப்பாங்கன்னு தோணவே இல்லையா?"

எனக்குக் கோபம் வந்துச்சு. என் இஷ்டத்துக்குப் போடல, வெறுமனே கிடந்த இடம்னுதான் போட்டேன்னேன். வெறும் இடம்னு யார் சொன்னதுன்னார். காட்டறேன்னு சொல்லிட்டு வந்தேன். அடுத்த வாரம் பழைய ஆபீஸுக்குப் போய், விண்ணப்பம் போட்டு, கடம்பத்திட்டு சர்வே படத்துக்கு நகல் வாங்கி, அவர் ஒர்க் ஷாப்புக்கே எடுத்துட்டுப் போனேன். பாருங்க, கடற்கரைப் புறம்போக்குன்னு ஒரே கட்டமா இருக்கு, ஒரு வீடு கூட இல்ல, இது பொய்ப் படம் இல்ல, அரசாங்கப் படம், இதைப் பாத்துத்தான் நான் அதைப் போட்டேன்னேன். அவர் கையைத் துணியில துடைச்சுட்டு வாங்கிப் பாத்தார். கீழ மூலையில டிரேசர்னு போட்டு இங்கிலீஷ்ல ரெண்டு எழுத்து இருந்துச்சு. இது யாருன்னு கேட்டார்.

நான்தான். எண்பத்தொன்பதுல எடுத்தது. எனக்கு ஞாபகம் கூட இல்ல. சர்வேயர் கட்டமாக் கொடுத்தார், நான் கட்டமா எடுத்தேன். பிசிறு இல்லாம.

"அப்ப ரெண்டு உலகத்துலயும் நாங்க இல்ல"ன்னார். கோபமாச் சொல்லல. படத்தை ஓரத்தைப் பிடிச்சு மடிச்சு என்கிட்ட கொடுத்துட்டு இன்ஜினைக் கழட்டப் போயிட்டார்.

நாலு நாள் கழிச்சு டேப்பையும் தாளையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். இதுதான் இந்தக் குழாய்ல இருக்கறது. கடம்பத்திட்டு, இன்னிக்கு இருக்கற மாதிரி. அம்பத்தேழு வீடு, ரெண்டு கோயில், ஒரு ஐஸ் கொட்டகை, வலை காயற இடம், குழாயடி. அரசாங்கம் ஒத்துக்குமோ என்னமோ, அதை அப்பறம் பாத்துக்கலாம்னு மாசிலாமணி சொல்லியிருக்கார். வாரத்துக்கு ரெண்டு நாள் போறேன். முப்பத்திரெண்டு வீடு முடிச்சாச்சு.

முப்பத்திமூணாவதுலதான் நிக்குது. அந்த வீட்டுக்காரி, செல்லாயின்னு பேர், வாசல் படியைத் தாண்டி என்னை விட மாட்டேங்கறா. போன வாரம் ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னேன். நீ யாரு, யார் அனுப்பிச்சா, எங்க வீட்டு நீளம் உனக்கு எதுக்கு, இந்தப் படம் யார் கைக்குப் போகும்னு கேள்வி மேல கேள்வி. மாசிலாமணி வந்து சொல்லியும் கேக்கல. பையில என்னன்னு காட்டச் சொன்னா. லென்ஸைப் பாத்துட்டு, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு என் முகத்தை செல்போன்ல பிடிச்சு வெச்சுக்கச் சொன்னா. அறுபத்திநாலு வயசு எனக்கு. அரசாங்கத்துல வேலை பாத்தவ. நான் என்ன அவ வீட்டைத் தூக்கிட்டா போயிருவேன்? நீயே சொல்லும்மா, என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?

கைகாட்டி வந்துருச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோ, இறங்கணும். இன்னிக்கும் அந்த வாசல்லதான் போய் நிக்கப் போறேன்.